பழைய டிஃபெண்டரா, கீலெஸ் லேண்ட் குரூசரா? எதை எப்படி பூட்டுறது?

கேள்வி: அண்ணா, ரொம்ப நாள் ஆசை, ஒரு ஆஃப்ரோடு வண்டி வாங்கப் போறேன். ஒண்ணு பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, இன்னொண்ணு கொஞ்சம் புதுசு, சாவி பாக்கெட்ல இருந்தாலே ஸ்டார்ட் ஆகுற லேண்ட் குரூசர். ரெண்டுமே அதிகமா திருடு போற வண்டின்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. எனக்கு ஷெட் கிடையாது, வெட்டவெளியிலதான் நிறுத்தணும். எதை வாங்குறது, என்ன பூட்டு போடுறது?

பதில்: தம்பி, பயமுறுத்தினவங்க ஒண்ணும் பொய் சொல்லல. ஆனா ரெண்டும் ஒரே மாதிரி திருடு போறதில்ல. பழசை ஸ்பேனர் வச்சு தூக்குவான், புதுசை எலக்ட்ரானிக்ஸ் வச்சு தூக்குவான். ஸ்பேனர்காரனுக்குப் போட வேண்டிய பூட்டை எலக்ட்ரானிக்ஸ்காரனுக்குப் போட்டுட்டு நிம்மதியா தூங்குறவங்க நிறைய பேர்.

மொதல்ல டிஃபெண்டர். 2016 ஜனவரியோட அந்தப் பழைய மாடலோட உற்பத்தி நின்னுபோச்சு, ஆனா ஓடிட்டிருக்கிற வண்டிங்களுக்கு கதவு வேணும், பானெட் வேணும், கியர்பாக்ஸ் வேணும், அதுவும் இந்த வண்டியில முக்கால்வாசி பாகம் போல்ட்ல நிக்கிறது, கீல் போல்ட்டைக் கழட்டினா கதவு தனியா கையோட வந்துடும். அதனால திருடனுக்கு வண்டியா விக்கணும்னு அவசியமே இல்ல, பிரிச்சு வித்தாலே நல்ல காசு. எனக்கே ஒரு தடவை காலையில போய்ப் பாத்தா வண்டி இருக்கு, டிரைவர் பக்கக் கதவு மட்டும் இல்ல. கண்ணாடிய உடைக்கல, ஒரு கீறல் கூட இல்ல, அவ்ளோ சுத்தமான வேலை.

இதுல இன்னொரு சிக்கல், நீங்க வாங்கப் போறதே அப்படித் திருடிப் பிரிச்சு சேத்த வண்டியா இருக்கலாம். அதனால இன்ஜின் சத்தம் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு டார்ச், ஒரு பழைய துணி எடுத்துட்டு முன் வலது சக்கரத்துக்கிட்ட குனியுங்க. அந்தப் பக்கம் சேஸியில, அதாவது வண்டியைத் தாங்குற அடி இரும்புச் சட்டத்துல, வண்டியோட அடையாள நம்பர் அடிச்சிருக்கும். சேறு, கிரீஸ் எல்லாம் தொடைச்சுட்டு டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, அப்பதான் கிரைண்டர் போட்ட கோடு, வெல்டிங் வச்சு மூடின மேடு எல்லாம் நிழல்ல தெரியும், விரலால தடவியும் பாருங்க. சுத்தி எல்லாம் துரு, அந்த ஒரு ஜாண் இடம் மட்டும் புது கறுப்பு பெயிண்ட்னா அங்கயே நிறுத்திக்கோங்க.

நம்பர்ல இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் சேந்து மொத்தம் 17, அதுல ஐ, ஓ, க்யூ எழுத்து வரவே வராது, வந்தா போலி. டிஃபெண்டருக்கு எஸ் ஏ எல் எல் டின்னு ஆரம்பிக்கும், ஆறாவது எழுத்து 'ஹெச்'னா 110, 'வி'ன்னா அதைவிடக் குட்டையான 90 மாடல். 110ன்னு சொல்லி விக்கிற வண்டியில ஆறாவது எழுத்து 'வி'யா இருந்தா ஒரு வண்டி பேப்பரை இன்னொரு வண்டிக்கு ஒட்டியிருக்காங்கன்னு வச்சுக்கோங்க. ஆனா இதையும் சொல்லிடணும், டிஃபெண்டர்ல சேஸி துரு பிடிச்சு துத்தநாகம் பூசின புது கால்வனைஸ்டு சேஸி மாத்துறது ரொம்ப சகஜம், இன்ஜின் மாத்துறதும் சகஜம். அதனால புது சேஸின்னாலே திருட்டுன்னு ஓடிடாதீங்க, மாத்தினதுக்கு பில் இருக்கா, வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ இருக்கா, பதிவுப் பேப்பர்ல ஏத்தியிருக்காங்களான்னு கேளுங்க. நெஜமா மாத்தினவர் அந்த போட்டோவைக் காட்ட துடிப்பார், நீங்க போதும்னாலும் விடமாட்டார்.

சரி, வாங்கியாச்சு. கதவுப் பூட்டை நம்பாதீங்க, அது பேருக்குத்தான், ஜன்னல் கண்ணாடிய நெம்பினாலே வழி கிடைச்சிடும். பழைய 200 டிடிஐ, 300 டிடிஐ இன்ஜின்ல டீசல் பம்ப்ல சொலினாய்டுன்னு கரண்ட்ல திறக்குற ஒரு சின்ன வால்வு இருக்கு, அதுக்கு 12 வோல்ட் போனா டீசல் திறக்கும், வண்டி ஓடும், அவ்ளோதான். சாவியோட வேலையை ஒரு துண்டு வயர் பண்ணிடும். அதனால அந்த சொலினாய்டுக்குப் போற வயர்ல கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு கில் ஸ்விட்ச், அதாவது அந்த வயரைத் துண்டிக்கிற ரகசிய ஸ்விட்ச் வைங்க. அதோட நின்னா பத்தாது, பேட்டரியில இருந்து நேரா வயர் இழுத்தா உங்க ஸ்விட்ச் வேஸ்ட், அதனால சொலினாய்டு மேல ஒரு இரும்பு மூடி, பானெட்டுக்கு ஒரு பூட்டு. பேட்டரி முன் சீட்டுக்கு அடியில இருக்கிறதால அங்க பேட்டரியையே துண்டிக்கிற ஒரு ஐசொலேட்டர் ஸ்விட்ச் வைக்கிறது சுலபம், ஆனா இன்ஜின் ஓடும்போது அதை ஆஃப் பண்ணிடாதீங்க, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரோட டயோடு போயிடும். பின்னால வந்த டிடி5 இன்ஜின்ல சரியான சாவி இல்லாம இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடாத கம்பெனி இம்மொபிலைசர் உண்டு, அதுக்காக ஸ்விட்சை விட்டுடாதீங்க, அதுல டேங்க்ல இருக்கிற எலக்ட்ரிக் பம்ப் லைன்ல வச்சா போதும்.

ஸ்டியரிங் பூட்டு பத்தி எல்லாரும் கேப்பாங்க. தூரத்துல இருந்து பாக்குறவனைத் தயங்க வைக்கும், அந்த அளவுக்கு சரி. ஆனா ஸ்டியரிங் வளையத்தை ரம்பம் வச்சு ஒரு இடத்துல அறுத்தா பூட்டு முழுசா கழண்டு வந்துடும். கிளட்ச், பிரேக் பெடலை மூடுற இரும்புப் பெட்டி டைப் பூட்டுதான் என் ஓட்டு, குனிஞ்சு, இடுக்குல, இருட்டுல வேலை பாக்கணும், திருடனுக்குப் புடிக்காத வேலை அது.

ஓட்டிட்டுதான் போவான்னு இல்ல, கட்டி இழுத்துட்டும் போவான். டிஃபெண்டர்ல மெயின் கியர் போட்டு விட்டாலும் பக்கத்துல, முன் பின் சக்கரத்துக்கு சக்தி பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் பாக்ஸோட ஹை-லோ லிவரை நியூட்ரலுக்குத் தள்ளினா சக்கரம் கியரை விட்டு சுதந்திரமாயிடும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் பாக்ஸ்ல இருந்து பின்னாடி போற ஷாஃப்டைத்தான் பிடிக்கும். நிறுத்தும்போது முன் பின் ஷாஃப்டைச் சேத்துப் பூட்டுற டிஃப் லாக் போட்டு விட்டா முன் ஷாஃப்டும் சேந்து பிடிச்சுக்கும். அப்பறம் மூக்கை சுவருக்கோ மரத்துக்கோ ஒட்டி நிறுத்தி, பின்னாடி இன்னொரு வண்டியை நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க, காசில்லாத பூட்டு அது. கதவுக்கு சாதா போல்ட்டை எடுத்துட்டு தனி சாவி கேக்குற கீல் போல்ட் போடுங்க. கதவு, பானெட், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாத்துலயும் வண்டி நம்பரோட கடைசி சில எண்ணைப் பொறிச்சு, போட்டோ எடுத்து வைங்க, நம்பர் பொறிச்ச கதவை விக்கிறது கஷ்டம்.

இப்போ லேண்ட் குரூசர். இதுல திருடன் வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி சாவியைத் தேடுவான். சாவி வீட்டுக்குள்ள மேசை மேல கிடக்கும், ஒருத்தன் வாசல்கிட்ட ஒரு பெட்டியோட, இன்னொருத்தன் வண்டிகிட்ட ஒரு பெட்டியோட, ரெண்டும் சேந்து சாவியோட சிக்னலைக் கடத்தி, சாவி பக்கத்துலயே இருக்குன்னு வண்டியை நம்ப வச்சிடும். இதுக்கு சிக்னல் போகாத பை போதும், ஆனா வாங்கின அன்னைக்கும் மாசம் ஒரு தடவையும் சாவியைப் பையில போட்டு வண்டிகிட்ட போய் கதவைத் திறந்து பாருங்க, திறந்துச்சுன்னா பை கிழிஞ்சிடுச்சு, தூக்கிப் போடுங்க. கீலெஸ்ஸை ஆஃப் பண்ற வசதி இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, பட்டன் அழுத்துறதுல கை ஒண்ணும் தேஞ்சிடாது.

ஆனா பை எல்லாத்தையும் தடுக்காது. 2022ல லண்டன்ல, வண்டிங்களோட சைபர் பாதுகாப்பை ஆராய்ச்சி பண்றவர் ஒருத்தரோட டொயோட்டா ராவ்4ல பம்பரை இழுத்து ஹெட்லைட் வயரைக் கழட்டிப் போட்டிருந்தாங்க, யாரோ விஷமத்துக்குப் பண்ணினதுன்னு அவரே நெனச்சார், சில மாசத்துல வண்டியே காணோம். அப்பறம் தோண்டிப் பாத்து 2023ல வெளிய வந்த விஷயம், ஹெட்லைட் கனெக்டர் வழியா வண்டியோட உள் நெட்வொர்க்குல புகுந்து 'சாவி சரியா இருக்கு'ன்னு பொய் மெசேஜ் அனுப்புற கருவி, அதுவும் பாக்குறதுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் மாதிரி. இதுல உங்க சாவிக்கு எந்த ரோலும் இல்ல, பைக்குள்ள இருந்தா என்ன, கடல்ல கிடந்தா என்ன. அதனால பம்பர் ஓரமோ சக்கர வளைவு பிளாஸ்டிக்கோ தளர்ந்து இருந்தா சின்னப் பசங்க வேலைன்னு விட்டுடாதீங்க, யாரோ பாதி வேலை முடிச்சுட்டுப் போயிருக்கான், அன்னைக்கு ராத்திரியே வண்டியை இடம் மாத்துங்க. இதுக்கு மருந்து, வண்டியோட சொந்த சிஸ்டத்தை நம்பாத தனி இம்மொபிலைசர், உள்ள இருக்கிற பட்டன்களை நீங்க வச்ச வரிசையில அழுத்தினாத்தான் வண்டி நகரும், கூட அதே இரும்புப் பூட்டு ஒண்ணு. வாங்கும்போது ரெண்டு சாவியும் கைக்கு வரணும், மெமரியில இருக்கிற மத்த சாவியெல்லாம் அழிச்சுடச் சொல்லுங்க.

ட்ராக்கர் ரெண்டுக்கும் வேணும், ஆனா அது திருட்டைத் தடுக்காது, தேடத்தான் உதவும். தூக்கின வண்டியை உடனே கொண்டுபோகாம ட்ராக்கர் இருக்கான்னு பாக்க சில நாள் எங்கயாவது விட்டு வைக்கிற பழக்கம் உண்டு, உங்களுக்குக் கிடைக்கிற நேரமே அதுதான். சிக்னலைத் தடுக்குற ஜாமர் வச்சா ஜிபிஎஸ் செத்துடும், அதனால ரேடியோ சிக்னல் வகையும் சேந்தது நல்லது, தனி பேட்டரி இருக்கணும், இல்லன்னா மெயின் பேட்டரியக் கழட்டினதும் அதுவும் போச்சு. ஆப்பிளோட சின்ன ட்ராக்கரான ஏர்டேக் வச்சா திருடனோட போனுக்கே 'கூட ஒண்ணு வருது'ன்னு நோட்டிஃபிகேஷன் போகலாம். லொகேஷன் தெரிஞ்சா போலீஸ்கிட்ட கொடுங்க, நீங்க தனியா போய் நிக்காதீங்க.

எதை வாங்குறதுன்னு கேட்டீங்க. வெட்டவெளி, கை வேலையில ஆர்வம் இருக்குன்னா டிஃபெண்டர், அதுல திருடன் பண்றது எல்லாம் உங்க கண்ணுக்குப் புரியும், நீங்களே மறிக்கலாம். ஸ்பேனரே பிடிக்க மாட்டேன்னா லேண்ட் குரூசர், ஆனா இம்மொபிலைசர் செலவையும் வண்டி விலையிலயே சேத்துக்கோங்க, போட்டதுக்கு அப்பறம்தான் முதல் ராத்திரி வெளிய நிறுத்தணும். ரெண்டுல எதா இருந்தாலும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ்காரங்ககிட்ட என்னென்ன பூட்டு கேக்குறாங்கன்னு எழுத்துல வாங்கிடுங்க.

கில் ஸ்விட்ச் வச்சா வீட்டுல இன்னொருத்தருக்கும் இடத்தைச் சொல்லி வைங்க. ஒரு தடவை காட்டுப் பாதையில ராத்திரி நிறுத்திட்டு, காலையில ஸ்டார்ட் ஆகலன்னு ஃபில்டரை எல்லாம் கழட்டி, கை முழுக்க டீசலோட முக்கால் மணி நேரம் போராடினேன். ஸ்விட்ச் ஆஃப்ல இருந்துச்சு.