அடுப்படி கேள்வி பதில்: முதல்ல காய், அப்புறம் மெனு

கேள்வி: அக்கா, ஒவ்வொரு வாரமும் உக்காந்து ஏழு நாளுக்கும் மெனு எழுதி லிஸ்ட் போட்டுத்தான் காய் வாங்கப் போறேன். லிஸ்ட்ல இருக்குற பாதி காய் கிடைக்குறதே இல்ல, கிடைச்சாலும் விலை அதிகம், ருசியும் இல்ல. வாரக் கடைசில பாதி அழுகி குப்பைக்குப் போகுது. வீட்டுச் சாப்பாடு நல்லபடியா இருக்கணும்னு ஆசைதான், ஆனா அலுத்துப் போச்சு.

பதில்: மெனு போடுறத விட வேண்டாம்மா, வரிசைய மட்டும் மாத்துங்க. கைல மெனு இல்லாம கடைக்குப் போங்க, காய பாத்து வாங்கிட்டு வந்து அப்புறமா என்ன செய்யலாம்னு யோசிங்க. எது குவியலா கொட்டிக் கெடக்கு, எது போன வாரத்தவிட விலை இறங்கியிருக்கு, எது ஒரே நேரத்துல எல்லாக் கடைலயும் வந்து நிக்குது, அதுதான் அப்போதைய சீசன் காய். கைல எடுத்தா சைஸுக்கு மேல கனமா இருக்கணும், பீன்ஸ்னா ஒடிச்சா படக்குன்னு ஒடியணும், பழம்னா காம்புப் பக்கம் மோந்து பாத்தா வாசம் வரணும். சீசன் இல்லாத நேரத்துல வர்றது பெரும்பாலும் ரொம்ப தூரத்துலருந்து வந்ததா இருக்கும், இல்ல மாசக்கணக்கா குளிர்ல வச்சதா இருக்கும். தூரப் பயணம் தாங்கணும்னு முழுசா பழுக்குறதுக்கு முன்னாடியே பறிச்சுடுவாங்க, அதனாலதான் பாக்க அழகா இருந்தும் வாய்ல வச்சா சப்புன்னு இருக்கு. பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன் இதெல்லாம் பறிச்ச நிமிஷத்துலருந்தே உள்ள இருக்குற சர்க்கரை மாவா மாற ஆரம்பிச்சுடும், அத வாங்குன அன்னிக்கே சமைச்சுடுங்க.

அப்புறம் ரெசிப்பி. ரெசிப்பியா மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரு மூணு முறைய கை பழகிக்கோங்க, எந்தக் காய் வந்தாலும் அதுல ஒண்ணுல அடங்கிடும். இலை, கீரை வகைன்னா கொஞ்சம் எண்ணெய்ல பூண்டு தட்டிப்போட்டு, கழுவுன ஈரத்தோடயே இலையப் போட்டு, சுருங்குன உடனே இறக்கிடுங்க, இளசா இருந்தா ரெண்டு மூணு நிமிஷம் போதும். பீன்ஸ், ப்ரோக்கோலி, காலிஃபிளவர் மாதிரி இருந்தா ஆவில 5 லேர்ந்து 7 நிமிஷம், கடிச்சா லேசா நறுக்குன்னு இருக்கும்போதே எடுத்து மேல எலுமிச்சை, மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் எண்ணெய். கிழங்கு, பூசணி, கேரட், வெங்காயம் எல்லாம் ஒரு அங்குலத் துண்டா வெட்டி எண்ணெய்ல பிசறி ஓவன்ல 200 டிகிரில அரை மணி நேரம். தட்டுல துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பணும், நெருக்கிப் போட்டா ஆவி வெளிய போக வழியில்லாம வறுபடாம வெந்துடும். ஓவன் இல்லன்னா அடி கனமான சட்டில மூடி போட்டு பாதி வேகவிட்டு, அப்புறம் மூடிய எடுத்துட்டு கிளறாம ஒரு பக்கம் சிவக்க விடுங்க. கூடவே வேகவச்ச பருப்போ முட்டையோ, கொஞ்சம் சோறோ ரொட்டியோ இருந்தா சாப்பாடு முடிஞ்சுது. மிச்சம் மீதி எல்லாத்தையும் போட்டு ஒரு சூப்பும் கத்துக்கிட்டீங்கன்னா குப்பைக்குப் போறது பெரிசா குறைஞ்சுடும்.

கேள்வி: காய வேகவச்ச தண்ணிய கீழ கொட்டுறது தப்பா? கொட்டாம வச்சா அதுல ஒரு மாதிரி வாசம் வருது. அப்புறம் எனக்கு மட்டும் பச்சைக் காய் எப்பவும் பழுப்பாவே ஆகிடுது, அது ஏன்?

பதில்: வைட்டமின் சி, ஃபோலேட் மாதிரி பி வைட்டமின்கள் எல்லாம் தண்ணில கரையுற ரகம். காய் முங்க முங்க தண்ணி ஊத்தி ரொம்ப நேரம் கொதிக்கவிட்டா அதுல நிறைய தண்ணிக்குள்ள எறங்கிடும், வைட்டமின் சி சூட்டுலயும் அழியும். அதனால முதல்லயே தண்ணி கம்மியா வைங்க, கொட்டலாமா வேண்டாமாங்கற கேள்வியே வராது. ஆவில வேகவைக்குறது, மைக்ரோவேவ்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி வைக்குறது ரெண்டுமே நல்ல வழிதான், மைக்ரோவேவ்னா சத்து போயிடும்னு பயப்படுறவங்க நிறையப் பேரு இருக்காங்க, உண்மைல நேரமும் தண்ணியும் கம்மியா ஆகுறதால அதுல மிஞ்சுறது அதிகம்தான். மிஞ்சுன தண்ணிய சூப்லயோ பருப்புலயோ சேத்துடுங்க. ஒரு விதிவிலக்கு இருக்கு. பசலைக்கீரை மாதிரி ஆக்ஸலேட் (கால்சியத்தோட சேந்து கல்லாகுற ஒரு பொருள்) அதிகமா இருக்குற கீரைய கிட்னில கல் வந்தவங்களுக்குச் சமைக்கும்போது கொதிக்கவச்சு அந்தத் தண்ணிய கொட்டுறதுதான் நல்லது, ஆக்ஸலேட்ல ஒரு பங்கு அதோட போயிடும். வாசம் வருதுன்னு சொன்னீங்களே, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகையா இருக்கும். அதுல கந்தகம் சேந்த பொருள் இருக்கு, வேகவிட வேகவிட நாத்தம் ஏறிக்கிட்டே போகும், சீக்கிரமா இறக்குங்க.

நிறம் மாறுறதுக்கு காரணம் புளிப்புதாங்க. பச்சை நிறத்தக் குடுக்குற குளோரோஃபில்லுக்கு நடுவுல ஒரு மெக்னீசியம் உக்காந்திருக்கு, சூடும் அமிலமும் சேந்தா அது கழண்டு போய் நிறம் மங்கிடும். காய்க்குள்ளயே கொஞ்சம் அமிலம் இருக்கு, மூடி போட்டு ரொம்ப நேரம் வேகவிட்டா அதுவே போதும் பழுப்பாக்க. மூடாம குறைஞ்ச நேரம் சமைங்க, எலுமிச்சை, வினிகர் எதுவா இருந்தாலும் சாப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி சேருங்க. சிலபேர் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடச் சொல்லுவாங்க, பச்சை அப்படியே நிக்கும்தான், ஆனா காய் கொழகொழன்னு ஆகி வைட்டமினும் போயிடும். நான் போடச் சொல்லமாட்டேன்.

கேள்வி: தக்காளி, கேரட் எல்லாம் பச்சையா சாப்பிட்டாத்தான் முழுச் சத்துன்னு என் மாமியார் சொல்றாங்க. சரியா?

பதில்: பாதி சரி. வைட்டமின் சி வேணும்னா பச்சையா சாப்பிடுறதுதான் மேல். ஆனா தக்காளிக்குச் சிவப்பு குடுக்குற லைகோபீன், கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் குடுக்குற பீட்டா கரோட்டின் ரெண்டும் சமைச்சாத்தான் நம்ம உடம்புக்கு அதிகமா கிடைக்கும், சூட்டுல செல் சுவர் உடைஞ்சு அது வெளிய வரும். கூட ஒரு ஸ்பூன் எண்ணெயோ நட்ஸோ இருக்கணும், ரெண்டுமே கொழுப்புல கரையுறது. எண்ணெயே இல்லாம சாலட் சாப்பிடுறத ஆரோக்கியம்னு நெனச்சுக்கிட்டிருக்குறவங்களுக்கும் இதையே சொல்றேன், கொஞ்சம் எண்ணெய் சேத்துக்கோங்க. மாமியாருக்கு ஒரு நாள் சாலட், உங்களுக்கு ஒரு நாள் வதக்குனது, சண்டையே வேண்டாம்.

கேள்வி: கீரையும் கொத்தமல்லியும் ஃப்ரிட்ஜ்ல வச்சும் ரெண்டே நாள்ல அழுகுது. தக்காளி சப்புன்னு ஆகுது. எதை எங்க வைக்கணும் அக்கா?

பதில்: கீரையக் கெடுக்குறது ஈரம், அதே சமயம் காய்ஞ்சாலும் வாடிடும். வேரையும் அழுகுன இலையையும் எடுத்துட்டு, கழுவாம, ஒரு காய்ஞ்ச துணில சுத்தி டப்பால போட்டு வைங்க, துணி நனைஞ்சா மாத்துங்க. கழுவித்தான் வைப்பேன்னா நல்லா உலரவிட்டு வைங்க. கொத்தமல்லி, புதினாவ காம்பு மட்டும் தண்ணில நிக்குற மாதிரி டம்ளர்ல வச்சு மேல லேசா கவர் போட்டா இன்னும் நல்லா இருக்கும். லேசா வாடிப்போயிருந்தா தூக்கிப் போடாதீங்க, ஐஸ் தண்ணில 20 நிமிஷம் போட்டா இலை தண்ணிய இழுத்து நிமிந்துடும். ஆனா வழவழன்னு ஆகிடுச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான்.

பக்கத்துல என்ன இருக்குன்னும் பாருங்க. ஆப்பிள், பழுத்த வாழைப்பழம், தக்காளி எல்லாம் எத்திலீன்னு ஒரு வாயுவ விடும், அது பட்டா கீரை மஞ்சளாகும், ப்ரோக்கோலியும் மஞ்சளாகும், கேரட் கசக்கும். அதனால பழம் ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். காயா இருக்குற பழம் சீக்கிரம் பழுக்கணும்னா மட்டும் அதே வாழைப்பழத்தோட ஒரு பேப்பர் பைல போட்டு வைங்க. தக்காளி பழுக்குற வரைக்கும் வெளிய இருக்கட்டும், ரொம்பக் குளிர்ல அதோட வாசனைய உண்டாக்குற வேலையே நின்னுபோயிடும், அதான் உங்களுக்கு சப்புன்னு ஆகுது. ரொம்பப் பழுத்துட்டா மட்டும் உள்ள வச்சுட்டு, சமைக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெளிய எடுத்து வைங்க. உருளைக்கிழங்கு இருட்டா காத்தோட்டமா இருக்குற இடத்துல, வெங்காயத்தோட சேக்காம. ஃப்ரிட்ஜ்ல வச்சா மாவு சர்க்கரையாகி பொரிக்கும்போது சட்டுன்னு கருகும், அப்படிக் கருகும்போது அக்ரிலமைடுங்கற வேண்டாத பொருளும் அதிகமா உண்டாகும். பச்சையா மாறிப்போன உருளைக்கிழங்கு கசந்தா மொத்தமா தூக்கிப் போடுங்க.

கேள்வி: ஃப்ரோஸன் காய் வாங்கலாமா?

பதில்: தாராளமா வாங்கலாம். பறிச்ச கொஞ்ச நேரத்துல வெந்நீர்ல முக்கி எடுத்து உறையவைக்குறதால சத்து நல்லாவே நிக்குது, நாலு நாளா ஃப்ரிட்ஜ்ல வாடிக்கெடக்குற பட்டாணிய விட மேல்னுகூட சொல்லலாம். பாக்கெட்ல உப்பு, சாஸ் எதுவும் சேக்காததா பாத்து எடுங்க. ஐஸ் உருக விடாம நேரா சூடான சட்டில போடுங்க.

கேள்வி: என் அப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். யாரோ கீரையே தொடக்கூடாதுன்னு சொன்னதுலருந்து பச்சையா எதையும் சமைக்கவே பயமா இருக்கு.

பதில்: உங்க பயம் புரியுதும்மா. அந்த மாத்திரை வார்ஃபரினா இல்ல வேறயான்னு முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க, ஏன்னா எல்லா மாத்திரையும் கீரையோட மோதுறதில்ல. வார்ஃபரின்னா அது வைட்டமின் கே செய்யுற வேலைய தடுத்துத்தான் வேலை செய்யுது, கீரைல அந்த வைட்டமின் அதிகம். ஆனா அவருக்கு ஆபத்து, ஒரு வாரம் தட்டு நிறைய கீரை, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு ஏறி எறங்குறதுலதான். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவா சாப்பிட்டா, அந்த அளவுக்குத் தக்க மாத்திரைய டாக்டர் பொருத்திக்குவார். கீரை சீசன்ல மலிவா கிடைக்குதேன்னு திடீர்னு அளவ கூட்டிடாதீங்க, கூட்டணும்னா முன்னாடியே சொல்லி ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோங்க. நீங்களா எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: எங்க பையனுக்கு 4 வயசு, காய பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்குறான். அரைச்சு ஒளிச்சுத்தான் குடுக்குறேன். காலைல பழ ஜூஸ் மட்டும் குடிப்பான், அது போதுமா?

பதில்: ஒளிச்சுக் குடுக்குறதுல அவசரத்துக்கு வயிறு நிறையும், ஆனா அவனுக்கு அந்தக் காயோட அறிமுகமே கிடைக்காது. புது ருசி பிடிக்க பல குழந்தைங்களுக்குப் பத்து தடவைக்கு மேலகூட ஆகும், ஒரே ஒரு சின்னத் துண்டு தட்டு ஓரத்துல வைங்க, சாப்பிடலன்னா ஒண்ணும் சொல்லாதீங்க, நீங்க அதையே அவன் முன்னாடி ருசிச்சு சாப்பிடுங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சு மறுபடியும் வைங்க. ரொம்ப வெந்து போன காலிஃபிளவர யாருக்குத்தான் பிடிக்கும், அதையே வறுத்துக் குடுத்துப் பாருங்க, ஓரமெல்லாம் சிவந்து இனிப்பா இருக்கும். பீன்ஸ் ஒடிக்குறது, பட்டாணி உரிக்குறது, கீரை அலசுறது எல்லாம் அவன் கையால செய்யட்டும், தான் உரிச்ச பட்டாணிய வாய்ல போட்டுக்காத குழந்தை ரொம்பக் கம்மி.

ஜூஸ் போதாதும்மா. பிழிஞ்சா நார்ச்சத்து பெரும்பாலும் போயிடும், அதுல இருக்குற சர்க்கரைய உலக சுகாதார நிறுவனம் நாம தனியா போடுற சர்க்கரையோட கணக்குலயே வச்சிருக்கு. ஆரஞ்ச சுளையா குடுங்க. பெரியவங்களுக்கு அந்த நிறுவனம் சொல்ற அளவு ஒரு நாளைக்கு காயும் பழமும் சேந்து குறைஞ்சது 400 கிராம், உருளைக்கிழங்கு மாதிரி மாவுக் கிழங்கு அதுல சேராது. சின்னப் பிள்ளைக்கு அதவிடக் கம்மி போதும், அதனால கிராம் கணக்குப் பாத்து பதறாதீங்க, வாரத்துல எத்தனை நிறம் தட்டுக்கு வந்துச்சுன்னு பாருங்க.

கேள்வி: தனியா இருக்கேன், வேலை முடிஞ்சு வர ராத்திரி ஆகிடும். ஞாயித்துக்கிழமையே மொத்தமா சமைச்சு வச்சுக்கலாமா? எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது?

பதில்: தாராளமா செய்யலாம் தம்பி, ஆனா முழுச் சமையலா செஞ்சு வைக்காதீங்க, புதன்கிழமைக்கே வெறுத்துடும். பாகம் பாகமா வைங்க: ஒரு டப்பா வேகவச்ச பருப்போ பயறோ, ஒரு டப்பா வறுத்த காய், ஒரு சின்ன பாட்டில்ல எண்ணெய், எலுமிச்சை, பூண்டு, உப்பு போட்டுக் குலுக்குன டிரெஸ்ஸிங். ராத்திரி வந்து பச்சையா ஒண்ண நறுக்கிப் போட்டு சேத்துக்கிட்டா தினமும் வேற வேற சாப்பாடு. ராஜ்மா பயறுல மட்டும் கவனம், ராத்திரி ஊறவச்சு, ஊறுன தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணில குறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிட்டு அப்புறம் மெதுவா வேகவிடுங்க, அதுல இருக்குற ஒரு நச்சுப்பொருள் மிதமான சூட்டுல போகாது. ஸ்லோ குக்கர்ல நேரா போடவே போடாதீங்க. தக்காளி, எலுமிச்சை எல்லாம் பயறு வெந்ததுக்கு அப்புறம்தான், புளிப்பு சேந்தா சீக்கிரம் வேகாம ரொம்ப நேரம் கடுக்குன்னே இருக்கும்.

சோத்த அடுப்பு மேலயே ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க, வேகவச்ச சூட்டுலயும் சாகாத ஒரு பாக்டீரியா அதுல இருக்கும், வெளிய இருந்தா பெருகி நச்ச உண்டாக்கும், மறுபடி சூடுபண்ணாலும் அந்த நச்சு போகாது. சமைச்சது எதுவா இருந்தாலும் தட்டையான டப்பால பரப்பி ஆறவிட்டு 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க, 3, 4 நாளுக்குள்ள முடிங்க, சோத்த மட்டும் மறுநாளே. சூடுபண்ணும்போது நடுவுலயும் ஆவி பறக்கணும். வியாழன், வெள்ளிக்கு வேணும்னா ஞாயித்துக்கிழமையே ஃப்ரீசர்ல போட்டுடுங்க, டப்பா மேல தேதி எழுதி.