வேஜஸ், சேலரி: இரண்டும் சம்பளம்தானே, என்ன வித்தியாசம்?

கேள்வி நியாயமானதுதான். தமிழில் இரண்டையுமே சம்பளம் என்று சொல்லிவிடுகிறோம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆபீஸில் சம்பளக் கணக்குப் போடும் கிராணி. இந்த இரண்டு சொற்களோடும் தினமும் மல்லுக்கட்டுகிறவன்.

நாள் சம்பளம் என்றால் வேஜஸ், மாதச் சம்பளம் என்றால் சேலரி என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இங்கே பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டுகிறவர்களுக்கும் மாதத்துக்கு ஒரு முறைதான் பேங்கில் பணம் ஏறுகிறது. அதனால் அது சேலரி ஆகிவிடாது. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விடியற்காலையில் மழை கொட்டினால் அந்தப் பணம் குறையுமா?

ரப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் மங்கில் (பால் வடிகிற கிண்ணத்தில்) இருக்கிற பால் தண்ணீரோடு வழிந்து போகும். வெயில் நாளிலும் வாளி நிறைந்ததோடு கணக்கு முடியாது. பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற கருவியை அதில் மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். யாராவது தண்ணீர் கலந்திருந்தால் (கலப்பதுண்டு!) கருவி கொஞ்சம் மேலே ஏறி மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலுக்கும், வெட்டில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்கும் தனிக் கணக்கு. வருஷத் தொடக்கத்தில் இலை கொட்டும் மாதங்களில் பாலும் குறைந்துவிடும். இப்படி வேலைக்கு வந்த நாளையும், செய்த வேலையின் அளவையும் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிற பணம்தான் வேஜஸ்.

அதே மழையில் ஆபீஸில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற எனக்கு ஒரு காசு குறையாது. இந்தப் பதவிக்கு இவ்வளவு என்று பேசி முடித்தது. அது சேலரி. அதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கே 2023 முதல் ஆபீஸ் வேலையில் மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் வாங்குகிறவர்களுக்கு ஓவர்டைம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாலும் அதே பணம்தான்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் எல்லாமே வேஜஸ்தான், கிராணி வாங்குவதும் சேர்த்து. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் எல்லாருக்கும் பொது. மலாய் மொழி எதிர்ப்பக்கம் போகிறது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த மினிமம் வேஜுக்கு அங்கே 'காஜி மினிமம்' என்று பெயர். காஜி என்றால் மாதச் சம்பளமும்தான். ஆகவே அகராதியை மட்டும் நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சேலரி என்ற சொல் லத்தீனில் உப்பிலிருந்து வந்தது என்பது சரி. ரோமானிய வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்குத்தான் ஆதாரம் இல்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைக்கு வந்த பணத்தைச் சொல்ல வேஜஸ் என்று பன்மையில்தான் வரும். மினிமம் வேஜ், டெய்லி வேஜ் என்று விகிதத்தைச் சொல்லும்போது ஒருமை. சேலரிக்கு இந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி ஆபீஸ் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தான். "எதிர்பார்க்கிற வேஜஸ்னு போடட்டுமா அண்ணே?" என்றான். இதுவரை ஃபேக்டரியில் வாங்கியதை வேஜஸ் என்றே எழுது, இனிமேல் கேட்பதை மட்டும் சேலரி என்று போடு என்றேன். இல்லாவிட்டால் மணிக்கணக்குக்கு வருகிற ஆள் என்று நினைத்து, பேரத்தையே கீழே இருந்து தொடங்குவார்கள்.