டெக்சாஸ் போகாமலே தொடங்கலாம்

வணக்கம். கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவல் எப்படித் திருத்தி எழுதப்பட்டது என்று ஆராய ஆசை, ஆனால் டெக்சாஸின் ஆஸ்டின் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போக வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம். அங்குள்ள ஹாரி ரான்சம் மையம், கார்சியா மார்க்கேஸ் விட்டுச்சென்ற தாள்களில் ஏறத்தாழ பாதியை 2017 முதல் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் இந்த நாவலின் வேலைக் குறிப்புகளை அவரும் மனைவி மெர்சிடிஸும் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

அதனால் பழைய இதழ்களைப் பிடியுங்கள். 1967இல் ப்யூனஸ் அயர்ஸில் நூல் வருமுன்பே சில அத்தியாயங்கள் அச்சாகிவிட்டன. முதல் அத்தியாயம் 1966 மே 1 அன்று பொகோட்டாவின் ‘எல் எஸ்பெக்டடோர்’ நாளிதழில் வந்தது. அதை முதல் பதிப்போடு வரிவரியாக ஒப்பிடுங்கள். அப்புறம், 2007 நினைவுப் பதிப்பை இதற்கு எடுக்காதீர்கள். அது ஆசிரியரே மறுபடி திருத்தியது.