மாடிக் கதவு நிலையிலேயே ரெயிலிங்கை மாட்டிவிடலாமா?

கேள்வி இதுதான்: மாடி அறையில் தரைவரை இறங்கும் இரட்டைக் கதவு, உள்பக்கமாகத் திறக்கிறது. வெளியே பால்கனி கிடையாது, திறந்தால் நேரே வெட்டவெளி. கதவு நிலையிலேயே நாலு ஸ்க்ரூ போட்டு ஒரு கம்பி ரெயிலிங்கை மாட்டினால் போதாதா?

போதாது. நான் அதைத்தான் செய்து வைத்தேன், அதனால் சொல்கிறேன்.

என்னுடையது மர நிலை. பக்கத்துக்கு நாலு வீதம் மூன்றங்குல ஸ்க்ரூ. மாட்டிய அன்று பிடித்து ஆட்டிப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அங்கே கூட்டிக்கொண்டிருந்தபோது நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே ஒரு கோடு கண்ணில் பட்டது. பழைய விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஸ்க்ரூ ஒன்றுகூடத் தளரவில்லை. ரெயிலிங் நிலையைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தது. நிலைதான் சுவரை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. மர நிலையைச் சுவரோடு பிடித்திருப்பவை பக்கத்துக்கு மூன்று ஹோல்ட்ஃபாஸ்ட் (நிலையில் அடித்துச் சுவருக்குள் பதிக்கும் இரும்புப் பட்டை), கொஞ்சம் சிமெண்ட். கதவின் எடையையும் அது அடித்துச் சாத்தப்படுவதையும் தாங்கத்தான் அந்த ஏற்பாடு. சாய்ந்து நிற்கும் ஆளைத் தாங்க அல்ல. யூபிவிசி என்கிற பிளாஸ்டிக் நிலை இன்னும் மோசம். உள்ளே வெற்றுக்கூடு, இரும்புச் சட்டம் இருந்தாலும் அதுவும் மெல்லிய தகடுதான். தெரியாத இடத்தில் துளைத்தால் மழைநீர் வடியும் வழியையும் உடைத்துவிடுவோம்.

எவ்வளவு விசை வரும்? பிரிட்டனில் வீட்டு வெளிப்பக்க ரெயிலிங்குக்குக் கேட்கப்படும் கணக்கு மீட்டருக்கு 0.74 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 75 கிலோ. 1.8 மீட்டர் அகலக் கதவு என்றால் 135 கிலோ. விசை மேல் கம்பியில் விழுவதால் மேலே உள்ள இரண்டு பிடிகளே பெரும்பாலும் அதைச் சுமக்கும், பக்கத்துக்கு 67 கிலோ போல. நல்ல 10 மி.மீ. போல்ட்டுக்கு இது பெரிய சுமையே இல்லை. அந்த போல்ட் எதில் ஊன்றியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆகவே சுவரில் மாட்டுங்கள். அதிலும் இரண்டு வழி உண்டு. வெளிச்சுவரின் முகத்தில் மாட்டினால், ஆள் சாயும்போது போல்ட் நேராக வெளியே இழுபடும், பிடுங்கப் பார்க்கும். கதவுத் திறப்பின் இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே மாட்டினால் போல்ட் பக்கவாட்டில் கிடக்கும். விசை அதைக் குறுக்கே வெட்டப் பார்க்கும், பிடுங்காது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் துளை சுவரின் வெளி விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் செங்கல் மூலையே பெயர்ந்து வந்துவிடும். விளிம்பிலிருந்து 10 செ.மீ. தள்ளித் துளைக்க இடம் இல்லையென்றால், முகத்தில் மாட்டுவதே மேல். (தரையில் தகடு வைத்து நட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: ஒரு மீட்டர் உயரத்தில் 90 கிலோ தள்ளினால், போல்ட் இடைவெளி 8 செ.மீ. உள்ள தகட்டில் அது ஆயிரம் கிலோவுக்கு மேல் இழுப்பாகிறது. நெம்புகோல்!)

நிலையை விட்டால் வேறு வழியே இல்லை என்ற அமைப்பா? சரி, அப்படியானால் நிலையைத் துளைத்துக்கொண்டு சுவருக்குள் போய்ப் பிடிக்கும் நீளமான போல்ட், அதாவது ஆங்கர், போடுங்கள். பிடி சுவரில்தான், நிலை வெறும் வழி. நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அங்கே கெட்டியான துண்டுகளைச் செருகிவிட்டு முடுக்குங்கள். இல்லாவிட்டால் முடுக்க முடுக்க நிலை வளைந்து கதவு சாத்தாது.

செங்கல் சுவருக்கு நான் கெமிக்கல் ஆங்கரைத்தான் சொல்வேன், அதாவது துளைக்குள் பசை விட்டு ஒட்டவைக்கும் போல்ட். விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் விளிம்புக்கு அருகே செங்கல்லைப் பிளந்துவிடும். துளைக்கும்போது தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறம், அது பூச்சு; அப்புறம் சிவப்பு, அதுதான் செங்கல். போகப்போக மறுபடி சாம்பல் வந்து ட்ரில் சட்டென்று வழுக்கிக்கொண்டு போனால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்து இடுக்கில் மாட்டிக்கொண்டீர்கள், துளையை மாற்றுங்கள். பூச்சின் கனத்தை ஆழத்தில் சேர்க்காதீர்கள். அது எதையும் பிடிக்காது. பிறகு துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். முதல் ஊதலிலேயே சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். பிரஷை உள்ளே விட்டு எடுத்தால் இன்னொரு கைப்பிடி சிவப்புத் தூள். அந்தத் தூளின்மேல் பசையை விட்டால் அது தூளைத்தான் பிடிக்கும், செங்கல்லை அல்ல. பசைக் குழாயில் எழுதியிருக்கும் நேரம் முடியும்வரை நட்டைத் தொடாதீர்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் அதற்கான சல்லடைக் குழல் இல்லாமல் பசை முழுதும் பொந்துக்குள் போய்விடும்.

போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு துருப்பிடித்தால் பருத்து, தான் உட்கார்ந்திருக்கும் செங்கல்லையே வெடிக்க வைக்கும். உயரம் 1.1 மீட்டர், கம்பி இடைவெளி 10 செ.மீ.க்குள், கம்பிகள் நெட்டுக்குத்தாக. படுக்கைக் கம்பி குழந்தைக்கு ஏணி.

வேலையை வெளியே சாரம் கட்டித்தான் செய்ய வேண்டும். உள்ளே நின்று எட்டி எட்டிச் செய்வது ரொம்பத் தப்பு. ட்ரில் திடீரென்று சிக்கி உதைக்கும்போது கையோடு ஆளையும் இழுத்துவிடும். சாரம் முடியாதென்றால் ஆள் வைத்துச் செய்துகொள்ளுங்கள். கீழே யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நட்டு முடுக்கும்வரை கதவு பூட்டியே இருக்கட்டும், சாவி உங்கள் பையில்.

உடம்பைச் சாய்த்துச் சோதிக்க வேண்டாம். ரெயிலிங்கைச் சுவருக்கு மாற்றியபின் நான் செய்தது: அதைச் சுவரில் பிடிக்கும் தகட்டின் ஓரத்திலிருந்து சுவர்மேல் தொடரும்படி பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன், நாலு மூலையிலும். மாதம் ஒருமுறை பார்க்கிறேன். கோடு முறிந்து தெரிந்தால் கதவைப் பூட்டிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுவது என்று முடிவு. இதுவரை நாலும் நேராகத்தான் இருக்கின்றன.