ரிச்சர்ட்சன் நகலெடுத்தவரா?

வணக்கம் சார்,

மகள் வீட்டுக்கு பாஸ்டன் வந்திருக்கிறேன். போன வாரம் காப்ளி சதுக்கத்தில் டிரினிட்டி தேவாலயத்தைப் பார்த்தோம். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் கட்டியது, அமெரிக்கக் கட்டடக்கலையையே திருப்பிவிட்டவர் என்றெல்லாம் சொன்னார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைப் பார்த்து அப்படியே எடுத்து வைத்த மாதிரிதான் எனக்குப் பட்டது. சிகாகோவில் வானளாவிய கட்டடங்களைக் கட்டியவர்கள் இருக்க, இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. டிரினிட்டியின் உடம்பு மத்திய பிரான்ஸின் 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்களிலிருந்து வந்தது, நடுக்கோபுரம் ஸ்பெயினில் சலமங்கா பழைய பேராலயத்தின் கோபுரத்தைப் பார்த்துச் செய்தது. ரிச்சர்ட்சன் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கோபுரம் அங்கே எப்படி வந்தது என்று பாருங்கள். பாஸ்டனின் பேக் பே பகுதி முழுவதும் கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சேற்று நிலம், அதை மண்கொட்டி மேடாக்கித்தான் மனை போட்டார்கள். அந்த மண்ணில் ஏறத்தாழ 4,500 மரக் கம்பங்களை அடித்து இறக்கி, அதன்மேல் கருங்கல்லில் நான்கு பெரிய பிரமிடுகள் கட்டி, அந்த நான்கின் தலையில்தான் கோபுரத்தின் பாரம் முழுவதையும் ஏற்றியிருக்கிறார்கள். முதலில் அவர் வரைந்தது இதைவிட உயரமான கோபுரம். நிலம் தாங்குமா என்ற கவலை வந்தபிறகுதான் அதைக் குறைத்து, அகலமும் கனமுமான சலமங்கா வடிவத்துக்கு வந்தார். சேறுதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்றுகூடச் சொல்வேன். அந்த மரக் கம்பங்கள் நிலத்தடி நீருக்குள் மூழ்கியே இருக்கவேண்டும், நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துப்போகும், அதனால் இன்றைக்கும் அங்கே நீர்மட்டத்தை அளந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிரினிட்டியோடு நின்றுவிட்டால் ரிச்சர்ட்சனைப் பார்த்ததாக ஆகாது. 1872இல் போட்டியில் அந்த வேலை கிடைத்தபோது அவருக்கு வயது 33, 1886இல் இறந்தபோது 47. இந்தப் பதினான்கு வருடத்தில் அவர் செய்ததெல்லாம், பழைய பாணிகளிலிருந்து கடன் வாங்கியதை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனதுதான். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது.

லூசியானாவின் கரும்புத் தோட்டக் குடும்பத்தில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, பாரிஸின் எக்கோல் தே போஸார் பள்ளியில் கட்டடக்கலை படிக்கப் போனவர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஊரிலிருந்து பணம் வருவது நின்றுபோய், அங்கேயே ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வரைந்துகொடுத்துக் காலம் தள்ளினார். 1865இல் திரும்பி வந்தார்.

1880இல் முடிந்த ஹார்வர்டின் செவர் ஹாலைப் பாருங்கள். செங்கல்தான், சுற்றிலும் இருந்த பழைய செங்கல் கட்டடங்களோடு ஒத்துப்போகவேண்டும் என்று. அலங்காரம்கூட அதே செங்கலை வார்த்தும் செதுக்கியும் செய்தது. அப்புறம் சிகாகோவின் கிளெஸ்னர் வீடு. வடக்கே தெருவைப் பார்த்த பக்கம் ஏறக்குறைய மூடிய கல் சுவர், அதன் பின்னால் வேலைக்காரர்கள் போய்வரும் நடை, குளிரும் தெருச்சத்தமும் அதோடு நின்றுவிடும். குடும்பம் புழங்கும் அறைகளெல்லாம் தெற்கே, வெயில் விழும் முற்றத்தைப் பார்த்து. எதிரே குடியிருந்த ரயில்பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மேன், வாசலுக்கு வந்தாலே இது கண்ணில் படுகிறதே என்று நொந்துகொண்டாராம்.

எல்லாவற்றுக்கும் மேலே, சிகாகோவில் இருந்த மார்ஷல் ஃபீல்டு மொத்த வியாபாரக் கிடங்கு. ஏழு மாடி, ஒரு தெருச்சதுரம் முழுவதும். தூணில்லை, கோபுரமில்லை, முகப்புச் சிற்பமில்லை. முகத்தை மழமழப்பாக்காமல் முரடாகவே விட்ட சிவப்புக் கல். தரைத்தளத்துக்கு மேலே மூன்று மாடிக்குச் சேர்த்து ஒரு பெரிய வளைவு, அதன் மேலே இரண்டு சின்ன வளைவுகள், அதற்கும் மேலே நான்கு நேர்ச் சன்னல்கள். இதே கணக்குதான் சுவர் நெடுக. கல்லை ஆள்பவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இது இரும்புச் சட்டத்தில் தொங்கும் சுவர் இல்லை, தன் பாரத்தைத் தானே தாங்கும் பழைய முறைச் சுவர். நீங்கள் சொல்லும் வானளாவிகளின் தொழில்நுட்பம் இதன் வெளிச்சுவரில் கிடையாது. ஆனாலும் அந்த வானளாவிகளைக் கட்டிய லூயி சல்லிவன் இதைப் பார்த்துத்தான் கற்றார். அவரும் அவருடைய தொழில் கூட்டாளி ஆட்லரும் சிகாகோவின் ஆடிட்டோரியம் கட்டடத்துக்கு முதலில் போட்ட வரைபடங்களில் கூரைமுகடும் சிறு கோபுரங்களும் துருத்திக்கொண்டிருந்தன. ஃபீல்டு கிடங்கு எழுந்தபிறகு அவையெல்லாம் போய், வளைவுகள் கொண்ட வெற்றுச் சுவர் வந்தது. ரிச்சர்ட்சனையும் சிகாகோக்காரர்களையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தக் கடைசி வேலைகளையெல்லாம் அவர் சிறுநீரக நோயோடுதான் செய்தார். புரூக்லைனில் வீடும் அலுவலகமும் ஒட்டியே இருந்தன. படுக்கையிலிருந்தே உள்ளங்கையளவுக்குக் கிறுக்கிக்கொடுப்பார், உதவியாளர்கள் அதைப் பெரிதாக்குவார்கள், அவர் திருத்துவார். கட்டுவதற்கு நார்கிராஸ் சகோதரர்கள் என்ற நம்பிக்கையான ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள், டிரினிட்டியும் அவர்கள் கட்டியதுதான். ஃபீல்டு கிடங்கு, கிளெஸ்னர் வீடு, பிட்ஸ்பர்க் நீதிமன்றம் என்று மூன்றில் ஒன்றைக்கூட முடிந்த நிலையில் அவர் பார்க்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பலர் வளைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் நீதிமன்றம், நகர மண்டபம், ரயில் நிலையம் என்று வட்ட வளைவும் முரட்டுக் கல்லும் வைத்துக் கட்டித்தள்ளினார்கள். நகல் என்று சொல்லவேண்டுமென்றால் அவற்றில் பலவற்றைச் சொல்லலாம். ஃபீல்டு கிடங்கையோ 1930இல் இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். இப்போது நமக்குப் புகைப்படங்கள்தான்.

கிளெஸ்னர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, சிகாகோ போனால் தவறவிடாதீர்கள். அதற்கு முன்னால், பாஸ்டனில் இருக்கும்போதே ஆற்றுக்கு அக்கரையில் காம்பிரிட்ஜ் போய் செவர் ஹால் வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நகல் என்ற எண்ணம் அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் மறுபடியும் எழுதுங்கள், பேசலாம்.

அன்புடன்.