ஏஜென்ட் சொல்ற "வெஸ்ட்மீட் பார்டர்"

கேள்வி: சிட்னில, வென்ட்வொர்த்வில்ல ஒரு வீடு பாத்திருக்கோம். ஏஜென்ட் "இது வெஸ்ட்மீட் பார்டர், போஸ்ட்கோடும் ஒண்ணுதான்"னு சொல்லி விலைய ஏத்துறார். கவுன்சில், ஸ்கூல் எல்லாம் வெஸ்ட்மீட் கணக்குல வருமா?

பதில்: போஸ்ட்கோட வச்சு எதுவும் வராதுங்க. 2145ங்கிறது தபால் பிரிக்கிறதுக்கு, பெண்டில் ஹில், கிரவீன், கிரேஸ்டேன்ஸ் எல்லாத்துக்கும் அதே நம்பர்தான், அப்போ கிரேஸ்டேன்ஸும் வெஸ்ட்மீடான்னு அவர்கிட்டயே கேளுங்க. ஹாஸ்பிடல், லைட் ரெயில்னு வெஸ்ட்மீட் பேருக்கு ஒரு மவுசு, அத உங்க தலைல கட்டப் பாக்குறார்.

வென்ட்வொர்த்வில்ங்கிற (சுருக்கமா வென்டி) பேரே ரயில்வேகாரன் பரப்புனது. 1810ல கவர்னர் மக்வாரி டார்சி வென்ட்வொர்த்துக்கு குடுத்த நிலம் இது, 1883ல வந்த ரயில் மேடைக்கு முதல்ல டி.ஆர்.ஸ்மித் பேரு, 1885லதான் வென்ட்வொர்த்வில்னு மாத்துனாங்க. எல்லைக்கோடெல்லாம் அப்புறமா போட்டது, அதுவும் சபர்ப் கோடு ஜியோகிராபிகல் நேம்ஸ் போர்டுது, ஸ்கூல் கோடு கல்வித்துறையோடது, கவுன்சில் கோடு தனி. 2016ல ஹோல்ராய்ட் கவுன்சில கலைச்சு கம்பர்லேண்ட் ஆக்குனாங்களே, அப்பவாவது ஒழுங்கு பண்ணாங்களா? இன்னிக்கும் வென்டில பாதி கம்பர்லேண்ட், மீதி பாரமட்டா, வெஸ்ட்மீடும் அதே கதிதான்!

அதனால கான்ட்ராக்ட்ல இருக்கிற 10.7 சர்டிபிகேட்ட (நிலத்த பத்தி கவுன்சில் குடுக்கிற பிளானிங் சர்டிபிகேட், பழைய ஆளுங்க 149ம்பாங்க) எந்த கவுன்சில் குடுத்திருக்குன்னு பாருங்க, அதுதான் உங்க கவுன்சில். ஸ்கூலுக்கு கல்வித்துறை சைட்ல ஸ்கூல் ஃபைண்டர் இருக்கு, வீட்டு நம்பரோட அட்ரஸ் போடுங்க, தெரு பேர் மட்டும் போதாது.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு, கிரவீன் ஹை ஸ்கூல். அது முழுசா செலக்டிவ், ஆறாவதுல டெஸ்ட் எழுதி ஏழாவதுல சேரணும், பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் மார்க் இல்லன்னா சீட் இல்ல, தூரத்துல பென்ரித்ல இருந்தாலும் மார்க் இருந்தா உண்டு. திரும்பவும் சொல்றேன், கேட்ச்மென்ட்டே (வீடு இருக்கிற இடத்த வச்சு சீட் குடுக்கிற எல்லை) கிடையாது. "கிரவீன் ஹை நடந்து போற தூரம்"னு விளம்பரம் போட்டு காசு பாக்குறாங்க, நம்மாளுங்களும் அதுக்குன்னே கடன் வாங்கி வீடு வாங்குறாங்க.

அப்புறம், ஏஜென்ட் கைகாட்டுற கன்வேயன்சர் (வீடு வாங்குற பத்திர வேலைய பாக்குறவர்) வேண்டாம், நீங்களே ஒருத்தர புடிங்க. கையெழுத்து போட்டா அஞ்சு வேலைநாள் கூலிங் ஆஃப் (மனசு மாறுனா பின்வாங்குற டைம்) உண்டு, பின்வாங்குனா விலைல 0.25% போகும். ஏலத்துல எடுத்தா அதுவும் கிடையாது, அப்போ இதெல்லாம் முந்தின வாரமே பாத்து வச்சிடுங்க.