எச்-இண்டெக்ஸை நம்பலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் உயிரிமருத்துவத்தில் பிஎச்.டி. சேரப்போகிறாள். வழிகாட்டியாக இரண்டு பேராசிரியர்களைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 52, 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் வேறு இருக்கிறார், கல்லூரி வாசலில் பிளெக்ஸே வைத்திருக்கிறார்கள். இன்னொருவருக்கு 17தான். மகளோ இரண்டாமவரிடம்தான் சேருவேன் என்கிறாள். நான் எண்ணை நம்புவதா, மகளை நம்புவதா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் ஏன் அவரைச் சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லையே. முதலில் அதைக் கேளுங்கள்.

எச்-இண்டெக்ஸ் 52 என்றால், அவருடைய 52 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 52 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு, அவ்வளவுதான். எந்தக் கட்டுரை, அதில் இவர் செய்த வேலை என்ன என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. மருத்துவத் துறையில் இது பெரிய ஓட்டை. உலக நோய்ச்சுமை ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள், நூற்றுக்கணக்கான பேர் ஆசிரியர்கள், ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள், கூட்டத்தின் நடுவில் எங்கோ பெயர் இருப்பவருக்கும் கணக்கு முழுசாகவே சேரும்.

வேலையின் மதிப்பும் அந்த எண்ணில் தெரியாது. யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற உயிர்வேதியியலாளரை எடுத்துக்கொள்வோம். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டு போனவர். 1925இல் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறை ஒன்றை எழுதினார். பயோகெமிஸ்ட்ரி படித்தவள் என்றால் உங்கள் மகளும் அந்த முறையில் வரும் நீல நிறத்தை வரவைத்துப் பார்த்திருப்பாள். அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று. 1929இல் அதே இருவரும் ஏடிபியைக் கண்டுபிடித்தார்கள் (ஜெர்மனியில் லோமனும் அதே வருடம் தனியாகக் கண்டுபிடித்தார்). உயிரணு செலவழிக்கிற சக்தியே அதுதான், ஆனால் மேற்கோள் கணக்கில் அந்தக் கட்டுரை பாஸ்பரஸ் கட்டுரையின் பக்கத்தில்கூட வராது. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்ட விஷயத்துக்கு அப்புறம் யார் அடிக்குறிப்பு போடுகிறார்கள்? பாஸ்பரஸை அளந்தவரோ எந்த முறையில் அளந்தோம் என்று எழுதியே ஆகவேண்டும். புரதத்தை அளக்க லவ்ரி என்ற உயிர்வேதியியலாளர் 1951இல் எழுதிய கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள், அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது, அதற்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினையும் தயாரித்தது. அதைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார், 16 பேரில் 10 பேருக்குக் கொஞ்ச காலமாவது நோய் தணிந்தது. 1948இல் வந்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. யானைக்கால் நோய்க்கு அரசு வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரையும் அவர் குழுவிலிருந்து வந்ததுதான், நீங்களே விழுங்கியிருக்கலாம். மாத்திரையை விழுங்கினால் மேற்கோள் கணக்கு ஏறாது.

அதற்காக எண் குறைவாக இருப்பவரெல்லாம் சுப்பாராவ் என்று நினைத்துவிட வேண்டாம், வெறுமனே வேலை செய்யாதவராகவும் இருக்கலாம். எண்ணைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். இருவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்துக்கும் போங்கள், அதிகம் மேற்கோள் பெற்ற முதல் பத்துக் கட்டுரைகளில் பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள். இந்தத் துறையில் வழக்கமாக முதல் பெயர் ஆய்வகத்தில் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வுக்குழுவின் தலைவர். கடைசிப் பெயராக அவரே வரும் கட்டுரைகளில் முதல் பெயராக அவருடைய மாணவர்கள் வருகிறார்களா என்பதையும் பாருங்கள், உங்கள் மகளுக்கு நாளைக்கு வேண்டியது அந்த இடம்தான்.

பிளெக்ஸ் விஷயம். அந்த 2 சதவீதப் பட்டியலை ஸ்டான்ஃபோர்டு பட்டியல் என்கிறார்களே, அது அந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது இல்லை. அங்கே பேராசிரியராக இருக்கும் அயோனிடிஸும் சிலரும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்துப் போடும் கணக்கு. வாழ்நாள் முழுமைக்கும் ஒன்று, ஒரு வருடத்துக்கு மட்டும் ஒன்று என இரண்டு பட்டியல் உண்டு, பிளெக்ஸில் எது என்று போடமாட்டார்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியது எத்தனை சதவீதம் என்றும் அந்த அட்டவணையிலேயே ஒரு நெடுவரிசை இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், மகளையே பதிவிறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.